மேற்கே மின்னுகிறது, சென்னைக்கு மழை வருமா?

கேட்ட கேள்வி இது: "மே மாதம் முழுக்க வேலூர், திருத்தணி, கிருஷ்ணகிரி பக்கம் இடி மழை என்று செய்தி வருகிறது. சென்னையில் சாயங்காலம் வானம் மூடுகிறது, அப்புறம் ஒரு தூறல்கூட இல்லாமல் கலைந்துவிடுகிறது. ஜூன் பிறந்தால் திடீரென்று ராத்திரி பத்து மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டுகிறது. ஏன் இப்படி? இன்றைக்கு மழை வருமா என்று நாமே தெரிந்துகொள்ள வழி உண்டா?"

வழி உண்டு. அதற்கு வெயிலைவிடக் காற்றைக் கவனிக்க வேண்டும். மே கடைசியில் நம்மை வறுத்தெடுக்கும் அதே மேற்குக் காற்றுதான் ஜூனில் ராத்திரி மழையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தக் காற்றுக்கும் கடற்காற்றுக்கும் தினமும் நடக்கும் தள்ளுமுள்ளு எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்தே சென்னையின் வெப்பமும் மழையும் அமைகின்றன.

முதலில் வெயில். சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் கடைசி வாரத்தில். அதற்கப்புறம் வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி ஏப்ரல்தான் இங்கே மிகக் கடுமையான மாதமாக இருக்க வேண்டும். ஆனால் ஏப்ரலில் சராசரி உச்ச வெப்பம் 35 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மே, ஜூனில்தான் 37-ஐத் தொடுகிறது. சென்னை 45 டிகிரியைப் பார்த்த நாள் 2003 மே 31. அக்னி நட்சத்திரம் முடிந்து மூன்று நாள் கழித்து! "கத்திரி முடிந்தும் ஏன் இப்படிக் கொளுத்துகிறது" என்று வருடா வருடம் எல்லோரும் கேட்கிறோம். காரணம் காற்றின் திசை. மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல் மேல் வரும் காற்றே நகரில் அதிகம் வீசும். மே நடுவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று உருவாகத் தொடங்கும்போது நிலத்தின் மேல் மேற்குக் காற்று வலுக்கிறது.

இந்த மேற்குக் காற்று கர்நாடக மேட்டு நிலத்தைத் தாண்டி நம் பக்கம் இறங்கி வருகிறது. ஈரமில்லாத காற்று நூறு மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சூடேறும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே 33 டிகிரியில் இருக்கும் காற்று அப்படியே கடல் மட்டத்துக்கு இறங்கினால் 42-ஐத் தொட்டுவிடும். வழியில் நடக்கும் மற்ற மாற்றங்களை விட்டுவிட்டுப் போடும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் வேலூரும் திருத்தணியும் மே மாதம் ஏன் அப்படிக் காய்கின்றன என்று புரிந்துகொள்ள இது போதும்.

இதற்கு எதிராக நமக்கு இருக்கும் ஒரே துணை கடற்காற்று. வங்கக் கடலின் மேல்மட்டம் மே மாதம் 29, 30 டிகிரியில் இருக்கும். காலை பத்து, பதினொரு மணிக்குள் நிலம் அதைவிட நன்றாகச் சூடாகிவிடுகிறது. நிலத்தின் மேல் காற்று விரிந்து எழும்ப, அழுத்தம் குறைந்து, கடல் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது. மேற்குக் காற்று மென்மையாக இருக்கும் நாளில் கடற்காற்று பதினொரு மணிக்கே நுழைந்துவிடும், நகரம் 35, 36 டிகிரியோடு தப்பிக்கும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு ஒரு மணி, இரண்டு மணி, சில நாள் மூன்று மணி வரைக்கும்கூட உள்ளே வர முடியாது. வெப்பம் 40-ஐத் தாண்டுவது இந்த மாதிரி நாட்களில்தான். கடலுக்குக் கிட்ட இருக்கும் நுங்கம்பாக்கத்தைவிடச் சற்று உள்ளே இருக்கும் மீனம்பாக்கத்தில் வழக்கமாக வெயில் ஒரு படி கூட இருப்பதற்கும் காரணம் இதுவே.

அது நுழையும் தருணத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மே கடைசியில் ஒரு பகல், பன்னிரண்டரை மணி, கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ ஒரு மொட்டை மாடி. மேற்கிலிருந்து வரும் அனல் முகத்தில் அறைகிறது. கொடியில் போட்ட துணி அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும், உதடு வெடிக்கும், வியர்வை வந்த சுவடு தெரியாது. திடீரென்று காற்று நின்றுபோகிறது. வேப்பமர இலைகூட அசையாது. சில நிமிடங்களுக்கு அந்த இறுக்கம். பிறகு தென்கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வரும். கிழக்கே சாய்ந்து கிடந்த துணி இப்போது வடமேற்கே சாயும். கொஞ்ச நேரத்தில் வெப்பம் மூன்று, நான்கு டிகிரி இறங்கும், ஆனால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். வெப்பமானியைப் பார்த்தால் குறைந்திருக்கிறது, ஆளுக்கோ புழுக்கம் கூடியிருக்கிறது. இரண்டும் உண்மைதான். வந்திருப்பது ஈரம் நிறைந்த காற்று, அதில் வியர்வை காய வழியில்லை.

அந்த ஈரம்தான் மழைக்கான மூலதனம். கடற்காற்று கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்துக்கு, ஒரு ஈரப் படுகையாக, மெல்ல மேற்கே நகர்கிறது. பிற்பகலில் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, சாயங்காலத்துக்குள் அரக்கோணம், காஞ்சிபுரம் வரைக்கும்கூடப் போய்விடும். அதன் முன்விளிம்பில், எதிரே வரும் வறண்ட மேற்குக் காற்றோடு மோதுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து முட்டும் காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தரையும் அதற்குத் துணை செய்கிறது. நகரி மலையும் ஜவ்வாது மலையும் அந்தப் பக்கம்தான். மலைச் சரிவு காற்றை இன்னும் தூக்கிவிடும். வானிலை அறிக்கையில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது இத்தனையும் சேர்ந்ததைத்தான்.

எழும்பும் ஈரக் காற்று குளிர்ந்து மேகமாகிறது. நம் பகுதியில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் உறைநிலை. இடி மேகம் அதையும் தாண்டி 15 கிலோமீட்டர் வரைக்கும் வளரும். மேகத்துக்குள் பனித் துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் உரசிக்கொள்வதில் மின்னேற்றம் பிரிந்து மின்னலாகிறது. ஆக, நாம் பிற்பகலில் கொடுத்தனுப்பிய ஈரம் சாயங்காலம் திருத்தணியில் மழையாகக் கொட்டுகிறது. சென்னைக்காரர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் கடற்காற்று படர்ந்த கரையோரத்தில் தரைமட்டக் காற்று ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த காற்று தானாக எழும்பாது. எழும்பினாலும் மே மாதத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வந்த சூடான, வறண்ட அடுக்கு ஒன்று மேலே கிடக்கும். கீழிருந்து வரும் காற்று அதைத் துளைத்துக்கொண்டு போவது கஷ்டம்.

சரி, திருத்தணியில் உருவான மேகம் ஏன் நகர்ந்து இங்கே வருவதில்லை? மேகத்தை ஓட்டிச் செல்வது தரைக்காற்று கிடையாது. இரண்டு, மூன்று, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான் ஓட்டுகிறது. ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் அந்த உயரத்தில் காற்று பெரும்பாலும் மந்தமாக இருக்கும். மேகம் பிறந்த இடத்திலேயே கொட்டிவிட்டு அங்கேயே அழிந்துபோகும்.

வானம் மூடுகிறது, மழை வருவதில்லை என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் உயரத்தில்தான் இருக்கிறது. ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேலே மேற்குக் காற்று இன்னும் மிச்சமிருக்கும். உள்மாவட்ட இடி மேகத்தின் தலைப்பகுதியை அது கிழக்கே இழுத்துக்கொண்டு வந்து சென்னைக்கு மேல் விரிக்கும். நாலரை, ஐந்து மணிக்கு வெயில் மங்கி, வானம் சாம்பல் பூசியதுபோல ஆகும். அந்த மேகத்துக்கு அடிப்பகுதியே இல்லை. அது மேகத்தின் மேல்பாதி மட்டும், அதுவும் பனித் துகள்கள். எவ்வளவு இருட்டினாலும் அதிலிருந்து மழை தரைக்கு வராது. அடிவானம் வரைக்கும் ஒரே சீரான சாம்பல் நிறமாக, விளிம்பு கூர்மையில்லாமல் இருந்தால் குடையை எடுக்க வேண்டாம். மேற்கே அடிவானத்தில் கருநீலமாக ஒரு சுவர் எழும்பி, அதன் கீழ்விளிம்பு வெட்டிவைத்ததுபோல நேராக இருந்தால் அது வேறு சங்கதி.

ஜூனில் இந்த ஏற்பாடு மாறிவிடுகிறது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அதையொட்டி மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரம் வரைக்கும் மேற்குக் காற்று திடமாக வீசத் தொடங்கும். இப்போது சித்தூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பிற்பகலில் பிறக்கும் மேகக்கூட்டத்தை ஓட்டிவர ஆள் கிடைத்தாயிற்று. வேலூருக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 135 கிலோமீட்டர். மேகக்கூட்டம் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் நாலைந்து மணி நேரம். அங்கே ஐந்து மணிக்குத் தொடங்கியது இங்கே ஒன்பது, பத்து மணிக்கு வந்து சேருகிறது. நம் ஜூன் மழை ராத்திரி மழையாக இருப்பதற்கு விளக்கம் இந்தப் பயண நேரம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேலூரில் பார்த்த மேகமே சென்னைக்கு வருவதில்லை. ஒரு தனி இடி மேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனால் அது மழையாகக் கொட்டும்போது, துளிகளில் ஒரு பகுதி கீழேயிருக்கும் வறண்ட காற்றில் ஆவியாகி அந்தக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று கனத்துத் தரையில் விழுந்து நாலாபக்கமும் ஓடும். அப்படிக் கிழக்கே ஓடும் குளிர்காற்று, வழியிலிருக்கும் கடலோர ஈரக் காற்றை நெம்பி மேலே தூக்கும். அங்கே அடுத்த மேகம் பிறக்கும். அது கொட்டி முடிவதற்குள் அதற்கும் கிழக்கே இன்னொன்று. இப்படியே ராணிப்பேட்டை, அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி என்று மழை நகர்ந்து வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சென்னைக்கு அன்றைக்கு மழை இல்லை. ரேடார் படத்தில் சிவப்பு என்றால் பலத்த மழை, பச்சை என்றால் லேசான மழை. அதில் திருவள்ளூர் வரைக்கும் சிவப்பாக வந்த மழை பூந்தமல்லியில் பச்சையாகி மறைவதைப் பார்த்துப் பலருக்கு மனசு விட்டுப்போயிருக்கும். கரையோரத்தில் கடற்காற்று சாயங்காலமே நன்றாகக் குளிர்வித்துவிட்டிருந்தால் தூக்கிவிட அங்கே சூடான காற்று மிச்சமில்லை, அதனால் அறுந்துபோகிறது. ஆவடி, அம்பத்தூரில் மழை பெய்து மெரினாவில் மணல் நனையாமல் போகும் ராத்திரிகள் எத்தனையோ.

வந்தேவிட்டால் எப்படி வரும் என்பதும் ஊரறிந்ததுதான். முதலில் மேற்கே சத்தமில்லாத மின்னல். பிறகு தென்கிழக்குக் காற்று அடங்கி, ஒரு புழுக்கம். அப்புறம் மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று, புழுதியோடும் ஈரமண் வாசனையோடும். ஜன்னல் கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொள்ளும், தெருவில் பிளக்ஸ் பேனர் கிழியும், மின்சாரம் போகும். அந்தக் காற்று 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவது சாதாரணம். பத்து, பதினைந்து நிமிடத்தில் பெரிய பெரிய துளிகளாக மழை இறங்கும். சாயங்காலம் 36-இல் இருந்த வெப்பம் 26-க்கு இறங்கிவிடும். மே, ஜூனில் இந்த ஊர் மக்களுக்குக் கிடைக்கும் பெரிய சுகம் அந்த ஒரு ராத்திரித் தூக்கம் என்பேன்.

இந்த மழையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். வடகிழக்குப் பருவமழை மட்டும்தான் சென்னைக்கு மழை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 44 செ.மீ. அளவு, ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் பெரும்பாலும் இப்படி இரவு இடி மழையாகவே கிடைக்கிறது. 2019-இல் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர், ஆறு மாதத்துக்கு மேல் நல்ல மழையே பார்க்காமல் இருந்துவிட்டு ஜூன் 20 அன்று நனைந்தது. அன்று பெய்த அளவு பெரிதில்லை. ஆனால் வெப்பம் தணிந்தது, ஜனங்கள் தெருவுக்கு வந்து நனைந்தார்கள். மொட்டை மாடியில் விழும் தண்ணீரைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்பும் வேலையை அக்டோபருக்கு ஒத்திப்போடாமல் மே மாதமே முடித்துவைப்பது நல்லது.

இந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கும் நிகழ்வுகளும் உண்டு. மே மாதத்தில் சென்னையில் கனமழை பெய்தால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கும். 2010 மே மாதம் லைலா, 2016 மே மாதம் ரோவானு, இரண்டும் நம் கரையை ஒட்டி வடக்கே போகும்போது மழை கொடுத்துவிட்டுப் போயின. அதே புயல் கரையைவிட்டுத் தள்ளி வடகிழக்கே போனால் பலன் நேரெதிர். அதன் சுழற்சி நிலத்தின் வறண்ட மேற்குக் காற்றை இழுக்கும், கடற்காற்று நுழைய முடியாது, அனல் கூடும். 2023 மே மாதம் மோக்கா மியான்மருக்குப் போனபோது இங்கே வெயில் 40-ஐத் தாண்டியது அப்படித்தான். அதே வருடம் ஜூன் 18 இரவு தொடங்கிய மழையில் மீனம்பாக்கத்தில் மறுநாள் காலைக்குள் 15 செ.மீ.க்கு மேல் பதிவானது, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஜூன் மாதம் முழுக்கச் சென்னைக்குச் சராசரியாகக் கிடைப்பதே 6, 7 செ.மீ. அளவுதான். 1996 ஜூன் நடுவில் பெய்தது இதையும் தூக்கிச் சாப்பிட்ட மழை, ஆனால் அது கடலில் உருவான சுழற்சி கொண்டுவந்தது, மேற்கிலிருந்து நகர்ந்து வந்த இடி மழை வகை இல்லை.

இனி, நாமே எப்படிப் பார்ப்பது? நான் முதலில் கவனிப்பது கடற்காற்று நுழையும் நேரம். பத்தரை மணிக்கே பலமாக வந்துவிட்டால் அன்றைக்குப் பெரும்பாலும் மழை ஆந்திர எல்லையோடு சரி. பன்னிரண்டு, ஒரு மணிக்கு வந்து, பிற்பகல் முழுக்கப் புழுக்கம் இருந்தால் வாய்ப்பு நன்றாக உண்டு. மூன்று மணி வரைக்கும் வராமல் அனல் வீசினால் இரண்டில் ஒன்று: ஈரமே இல்லாமல் ஏமாற்றும், அல்லது நகரத்துக்கு மேலேயே காற்றுகள் மோதி எதிர்பாராமல் கொட்டும். அடுத்து நாலு மணி வாக்கில் மேற்கே பார்ப்பேன். ஏழு மணிக்கு மேல் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படம். சென்னைத் துறைமுகத்தில் 2002-இலிருந்து ஒரு டாப்ளர் ரேடார் இயங்குகிறது, பள்ளிக்கரணையில் இன்னொன்று வந்திருக்கிறது. ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்த மூன்று, நான்கு படங்களைப் பார்த்து, மழையின் கிழக்கு விளிம்பில் புதிதாகச் சிவப்பு முளைக்கிறதா என்று கவனியுங்கள். முளைத்தால் சங்கிலி உயிரோடு இருக்கிறது. பழைய சிவப்பு மட்டும் நகர்ந்து மங்கிக்கொண்டே வந்தால் நமக்கு வெறும் குளிர்காற்றுதான் மிஞ்சும்.

அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லையும் அலட்சியமாக எடுக்க வேண்டாம். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். இடி மேகத்தின் மழைப் பகுதி சில கிலோமீட்டர் அகலம்தான். தாம்பரத்தில் முழங்கால் தண்ணீரும் திருவொற்றியூரில் நட்சத்திரமும் ஒரே ராத்திரியில் சாத்தியம். அறிக்கை பொய் சொன்னதாக அதற்கு அர்த்தம் கிடையாது.

இந்த வழிமுறை புதுச்சேரி, கடலூர் வரைக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். தூத்துக்குடிப் பக்கம் எதிர்பார்க்க வேண்டாம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் ஜூனில் அங்கே வெறும் காற்று மட்டும்தான்.

மின்னலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் தூரம் ஒரு கிலோமீட்டர். மழை நம் தலைமேல் தொடங்கும்வரை ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். மேகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே நீங்கள் அதன் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். கடற்கரை மணலில் சுற்றிலும் உயரமாக எதுவும் இல்லாத இடத்தில் ஆளே உயரமான பொருளாக நிற்பார். பனைமரம், தென்னைமரம் அடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ கார், பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வந்தால் போதும். மொட்டை மாடியில் போனை நீட்டி மின்னலைப் படம் பிடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

அதைவிட முக்கியம் கடலில் இருப்பவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் இந்த நாட்களிலும் கரைக்குக் கிட்டத்தில் தொழிலுக்குப் போகும். இந்த இடி மழையின் காற்று மேற்கிலிருந்து வருவதால் படகைக் கரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளும். போதாக்குறைக்கு, கரையைக் கடக்கும்போது சோர்ந்துபோன மழைக்கூட்டம் நள்ளிரவில் வெதுவெதுப்பான கடல்மேல் போனதும் சில சமயம் மறுபடி பலம் பிடிக்கும். நகரத்தில் நாலு துளியோடு விட்டுவிட்டதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் ராத்திரியிலும் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கடலில் சூறைக்காற்று வீசிக்கொண்டிருக்கலாம். சாயங்காலம் மேற்கே மின்னிக்கொண்டிருக்கும்போது வலையோடு கிளம்புகிறவர் வீட்டில் இருந்தால், படகு இறங்கும் முன்னால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான வானிலை அறிவிப்பையும் ரேடார் படத்தையும் பார்த்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தில் அரக்கோணத்துக்குக் கிழக்கே சிவப்பு தெரிந்தால் அன்றைய தொழிலை விடியலுக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.